மூன்று பிரதிகள் காப்பு நகல் ஆகுமா?

மென்பொருள்களைக் கொள்கலன்களாகப் பல கணினிகளில் பரப்பி இயக்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில், எந்தச் செயலி எத்தனை பிரதிகளாக ஓட வேண்டும், எந்தக் கடவுச்சொல் எதற்குச் சேர வேண்டும் என்பன போன்ற கட்டமைப்பு விவரங்கள் எட்சிடி என்னும் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. அத்தரவுத்தளம் வழக்கமாக 3 அல்லது 5 கணினிகளில் பிரதியாக இருப்பதால், தனியே காப்பு நகல் வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நிலவுகிறது.

இது ஆபத்தான நம்பிக்கை. மூன்றில் ஒரு கணினி பழுதானாலும் மற்ற இரண்டும் பெரும்பான்மையாக நின்று பணியைத் தொடரும் என்பது மெய்யே. ஆனால் அந்த ஏற்பாடு கணினியின் பழுதைத் தாங்குமேயன்றி மனிதரின் பிழையைத் தாங்காது. தொடர்புடைய பொருள்களைத் தொகுத்துவைக்கும் பிரிவான நேம்ஸ்பேஸ் ஒன்றை நிர்வாகி தவறுதலாக நீக்கினால், அந்த நீக்கமும் எல்லாப் பிரதிகளிலும் முறைப்படி பதிவாகிவிடும். அத்துடன் அதிலிருந்த சேமிப்புக் கோரிக்கைகளும் மறைய, தானாக உருவான சேமிப்பிடங்களான வால்யூம்களுக்கு இயல்பாக அமையும் ‘டிலீட்’ கொள்கையின்படி தரவு இருந்த வட்டுகளே அழிந்துபோகக்கூடும்.

கிளஸ்டரைக் கையாளும் கட்டளைக் கருவியில் ‘கியூப்சிடிஎல் கெட் ஆல்’ என்னும் கட்டளையின் விளைவைக் கோப்பில் சேமித்தால் எல்லாம் வந்துவிடும் என்பது பெயரால் விளைந்த மயக்கம். செயலிகளின் அமைப்பு விவரங்களை வைக்கும் கான்ஃபிக்மேப், கடவுச்சொற்களை வைக்கும் சீக்ரெட், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வழிப்படுத்தும் இங்கிரெஸ் ஆகியவற்றுள் எவையும் அந்த ‘ஆல்’ என்பதில் அடங்குவதில்லை.

எட்சிடியின் ஸ்னாப்ஷாட், அதாவது குறிப்பிட்ட ஒரு கணத்தில் எடுக்கப்பட்ட முழு நகல், இருந்தாலே போதும் என்ற நம்பிக்கையே உண்மைக்கு மிக அருகில் நிற்பது. அதனாலேயே அதிகக் கவனத்திற்கு உரியது. சீக்ரெட்களில் உள்ள கடவுச்சொற்கள் இயல்பில் பேஸ்64 என்னும் எழுத்துமாற்றத்தில் இருக்கின்றனவேயன்றி மறையாக்கம் பெறுவதில்லை என்பதால், நகலைக் கைப்பற்றியவருக்கு அவையும் கிடைத்துவிடுகின்றன. மறையாக்கத்தை இயக்கிவைத்தாலோ சிக்கல் தலைகீழாகிறது: திறவுகோல் கட்டுப்பாட்டுக் கணினியின் வட்டில் ஒரு தனிக் கோப்பில் இருக்குமாறு அமைக்கப்பட்டிருந்து, அந்த வட்டும் போய்விட்டால், பத்திரமாக வைத்த ஸ்னாப்ஷாட்டின் சீக்ரெட்களை எவராலும் படிக்க இயலாது. கியூப்அட்மின் கருவியால் நிறுவிய கிளஸ்டர்களில் உறுப்புகள் ஒன்றையொன்று நம்புவதற்கு அடிப்படையான வேர்ச் சான்றிதழும் அதன் தனித் திறவுகோலும் இவ்வாறே நகலுக்கு வெளியே, ‘பிகேஐ’ கோப்புறையில் இருப்பவை. ஆகவே திறவுகோல்களுக்கும் நகல் வேண்டும். அந்த நகல் ஸ்னாப்ஷாட் இருக்கும் இடத்திலேயே இருக்கலாகாது.

மீட்டெடுத்தல் என்பது பழைய நகலை ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரின்மேல் எழுதிவிடுவது என்று கருதுவோரும் உண்டு. அதுவும் சரியன்று. எட்சிடியை மீட்கும்போது, கிளஸ்டருக்கு வரும் கோரிக்கைகளை ஏற்கும் ஏபிஐ சர்வர்களை நிறுத்தி, எல்லா உறுப்பினர்களையும் ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய தரவுக் கோப்புறைகளில் எழுப்ப வேண்டும். எழுவது புதிய அடையாள எண் கொண்ட வேறொரு எட்சிடி கிளஸ்டரே. ஏபிஐ வழியாகப் பொருள்களைத் தனித்தனியே நகலெடுக்கும் வெலெரோ என்னும் கருவியோ, மீட்கும்போது ஏற்கெனவே இருக்கும் பொருளை இயல்பில் மாற்றுவதில்லை. பிழையாகத் திருத்தப்பட்ட கான்ஃபிக்மேப்பைச் சரிசெய்ய எண்ணி அதை இயக்கினால், பணி முடிந்ததாகக் காட்டி ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிவுசெய்துவிட்டு, பிழையான கான்ஃபிக்மேப்பை அது அப்படியே விட்டுவைக்கும்.