பழைய கதைக்குப் புதிய வால்

பஞ்சதந்திரத்தில் ஓர் எலிக் கதை உண்டு. முனிவர் ஒருவர் எலிக்குஞ்சைப் பெண்ணாக மாற்றி வளர்க்கிறார். அவளுக்கு வலிமைமிக்க மாப்பிள்ளையைத் தேடுகிறார். சூரியன் மேகத்தைக் கைகாட்டுகிறது, மேகம் காற்றை, காற்று மலையை, மலையோ தன்னைத் தோண்டும் எலியைக் காட்டுகிறது. பெண் மீண்டும் எலியாகி எலியையே மணக்கிறாள். ஜப்பானிலும் இக்கதை வழங்குகிறது. அங்கே மலைக்குப் பதில் சுவர்! ஊருக்கேற்ப மாறும் இக்கதை நம் ஊருக்கு வந்தால் எப்படி இருக்கும்?

செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் எலியரசி என்னும் இளவரசி வாழ்ந்தாள். அவள் தந்தையின் அரியணை ஓர் உளுந்து வடை. அரசருக்குப் பசியெடுத்தால் அரியணை சிறிதாகிவிடும்.

“மகளே, உலகிலேயே வலிமைமிக்கவர்தான் உனக்கு மாப்பிள்ளை,” என்றார் அரசர்.

“அப்பா, நானே போய்ப் பார்த்து வருகிறேன்,” என்று எலியரசி புறப்பட்டாள்.

“உங்களைவிட வலியவர் யார்?” என்று சூரியனைக் கேட்டாள்.

“மேகம்தான். மாலையானால் என்னை மூடிவிடுகிறது. கோலாலம்பூரில் எனக்கு அரைநாள் வேலைதான்,” என்றது சூரியன்.

“காற்று என்னைக் கிள்ளானுக்குத் துரத்துகிறது. அங்கே துணி காயப்போட்டவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்,” என்று மேகம் அழுதது.

“பத்துமலையை ஊதிப் பார்த்தேன். மலை அசையவில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது,” என்றது காற்று.

எலியரசி கேஎல் சென்ட்ரலில் பத்துமலைக்குச் செல்லும் ரயிலில் ஏறினாள். பயணச்சீட்டு வாங்கவில்லை. எலிக்கு எவ்வளவு கட்டணம் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை!

பத்துமலையில் 272 படிகள். ஒவ்வொன்றும் அவளைவிட உயரம். பாதி வழியில் குரங்கு ஒன்று அவளது மகுடத்தைப் பறித்துக்கொண்டது. “போகட்டும், தலை இருக்கிறதே!” என்று தொடர்ந்து ஏறினாள்.

உச்சியில் நின்று, “உங்களைவிட வலியவர் யார்?” என்று கத்தினாள்.

“குரல் கேட்கிறது, ஆளைக் காணோமே!” என்றது மலை. “நான் சுண்ணாம்புக்கல் மலை. இடிக்கும் மழைக்கும் அஞ்சியதில்லை. ஆனால், என் அடிவாரத்தில் எலி வளை தோண்டினால் கூச்சம் தாங்க முடியவில்லை. என்னைவிட வலியது எலிதான்!”

எலியரசி தன் சின்னஞ்சிறு கால்களைப் பார்த்தாள். 272 படிகளை ஏறிய கால்கள் அவை.

வீடு திரும்பியதும், “அப்பா, வலிமைமிக்கவரைக் கண்டுபிடித்துவிட்டேன்,” என்றாள்.

“மாப்பிள்ளை எங்கே?”

“மாப்பிள்ளை வரவில்லை. அந்த வலியவர் நான்தான்!”

அரசர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் வராததால் அரியணையை ஒரு கடி கடித்தார்.

மாணவர்களே, ‘உங்களைவிட வலியவர் யார்?’ என்ற கேள்வி இரண்டு கதைகளிலும் ஒன்றே. பழைய கதையில் தந்தை தேடினார். பிறவிக்குணம் மாறாது என்பது அதன் முடிவு. இங்கு மகளே தேடிப் போனாள். அதனால் முடிவும் மாறியது. இக்கதையை நீங்கள் சொன்னால், எலியரசியை எங்கே அனுப்புவீர்கள்?