அம்பறாத்தூணி: ஒரு விளக்கம்

வில்லைப் பற்றிப் பேசுவோர் பலர். அம்பு தங்கும் கூட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அம்பு, அறா, தூணி என்னும் மூன்று சொற்களும் சேர்ந்தது அம்பறாத்தூணி. அம்பு குறையாத கூடு என்பது அதன் பொருள். ஆவநாழிகை, புட்டில் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. (நான்கு மரக்கால் கொண்ட நெல்லளவுக்கும் தூணி என்றே பெயர். நம் பாட்டிமார் அறிந்த தூணி அதுதான்.)

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதித் திருவிழாவை ஒட்டி நடைபெறும் பாரத நிகழ்ச்சிகளுள் அருச்சுனன் தவசும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். அந்த அருச்சுனனுக்குத் தூணி கிடைத்த வரலாறும் அக்கினியோடு தொடர்புடையதே. காண்டவ வனத்தை உண்ண விரும்பிய அக்கினிபகவான் வருணனிடம் கேட்டுக் காண்டீபத்தையும் இரண்டு அட்சய தூணிகளையும் பெற்றுத் தந்தான். நம் சிறுபாணாற்றுப்படையிலும் இச்செய்தி உள்ளது. அங்கே அருச்சுனனைத் தூணியோடு நினைவுகூரும் புலவர், அவன் தமையன் வீமன் செய்த சமையல் நூலைச் சொல்வதற்காகவே அவனை அழைத்து வருகிறார்!

தூணி ஏன் இரண்டு? இரு கைகளாலும் எய்ய வல்லவன் என்பதால் அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று பெயர். எந்தக் கை நாணை இழுக்கிறதோ, அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் அம்பு இருக்க வேண்டும். ஆகவே தோளுக்கு ஒன்றாக இரண்டு தேவைப்பட்டிருக்கும் என்பது என் கருத்து. நம் பிள்ளைகளுக்கு ஒன்றே போதும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு வலத் தோளின் பின்னே தூணியின் வாய் வர வேண்டும். வார் மார்பின் குறுக்கே இடப்பக்கம் இறங்க வேண்டும். அம்பின் முனை கீழே, இறகு மேலே. கலைநிகழ்ச்சிகளில் ராமர் வேடமிடும் குழந்தைக்கு இதைத் தலைகீழாகக் கட்டிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூட்டின் உயரம் அம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால், குனியும்போது அம்பு சரியாது, இறகும் நசுங்காது. வாய் மிக அகலமாக இருந்தால் நான்கைந்து அம்புகள் உள்ளே கலகலவென்று ஆடும். அடியில் சிறிது பஞ்சு வைத்தால் ஓசை அடங்கும். முகலாய ஓவியங்களைப் பார்த்தவர்கள் தூணி இடுப்பில் தொங்குவதைக் கவனித்திருக்கலாம். குதிரைமேல் செல்பவனுக்கு அதுவே வசதி. சிறுவர்க்கு முனை மழுங்கிய அம்பைத் தவிர வேறு எதையும் தரலாகாது.

விராட நகரத்துக்கு வெளியே வன்னி மரத்தில் மறைத்த ஆயுதங்களை உத்தரகுமாரன் இறக்கியபோது, எந்தத் தூணி யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். புலி உருவம் பொறித்தது நகுலனுடையது என்கிறான் பேடி வேடத்தில் இருந்த அருச்சுனன். வகுப்பறையில் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்கும் பகுதி இது.

ஆனால் அந்தக் குறையாத தூணியும் ஒருநாள் குறைந்தது. கண்ணன் மறைந்தபின் துவாரகைப் பெண்களை அழைத்து வந்த அருச்சுனனைக் கொள்ளையர் வழிமறித்தனர். அம்புகள் தீர்ந்தன. வில்லின் நுனியால் அடித்துப் போராடியும் எல்லாரையும் காக்க அவனால் இயலவில்லை. பின்னர் மகாப்பிரஸ்தானத்தின்போது அக்கினியே எதிரில் வந்து கேட்க, வில்லையும் இரு தூணிகளையும் கடலில் இட்டான்.

ஆலயத்துக்குத் தூணி செய்து தர விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். தோல் பார்வைக்கு அழகுதான். ஆனால் நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் விரைவில் பூஞ்சை பிடிக்கும். மூங்கில் அல்லது மெல்லிய மரக்கூட்டின்மேல் பட்டுத்துணி போர்த்துவது நல்லது. விழா முடிந்ததும் அம்புகளை வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக்குப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.