தூதர் வந்து என்ன செய்வார்?

கேள்வி: இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்குக் ‘காலநிலைத் தூதர்கள்’ போகிறார்களாமே! மரம் நடச் சொல்லி ஒரு சொற்பொழிவு, பிறகு குழுப் படம், அவ்வளவுதானே?

பதில்: அவ்வளவுதான் என்றால் நானும் உங்கள் கட்சி. ஆனால் விஷயம் வேறு. 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கல்வித் துறை காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள ஓர் உத்தியை வெளியிட்டது. 2025க்குள் ஒவ்வொரு பள்ளியும் இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமித்து, காலநிலைச் செயல்திட்டம் ஒன்றையும் வகுக்க வேண்டும் என்றது. கரிமத்தைக் குறைப்பது, வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் தயாராவது, வளாகத்தில் பல்லுயிர் வளர்ப்பது, பாடமும் பசுமை வேலைகளுக்கான வழிகாட்டலும் என அதற்கு நான்கு பகுதிகள்.

இதையெல்லாம் கரும்பலகையோடு மல்லுக்கட்டும் ஓர் ஆசிரியர் தனியாக எப்படி எழுதுவார்? பழைய கொதிகலனை மாற்றலாமா, கூரையில் சூரியத் தகடு தாங்குமா என்பதெல்லாம் பி.எட். படிப்பில் வருவதில்லை. அங்கேதான் தூதர் தேவைப்படுகிறார். ரெடிங் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் இந்தத் தூதர் திட்டத்துக்கு அரசுப் பணம் உண்டு, பள்ளிக்குச் செலவில்லை. பொறியாளர், சூழலியலாளர், ஆய்வாளர் எனப் பலர் பயிற்சி பெற்றுத் தொண்டாக வருகிறார்கள். வகுப்பு நடத்துவது ஆசிரியரே.

ஆலோசனை இலவசம், கொதிகலன் இலவசமல்ல. திட்டத்தின் பலவீனம் அதுதான். நீங்களும் துறை அறிந்தவர் என்றால், பக்கத்துப் பள்ளிக்குப் போய் முதலில் மின்கட்டண ரசீதைக் கேளுங்கள், மரக்கன்று பிறகு.