படபடப்பே இல்லை... ஆனாலும் தாளம் தப்புகிறது!

அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். அதற்கு முன்னால் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, ''இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லையே'' என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் திகைப்பு. அப்பாவுக்கோ கோபம். ''படபடப்பு கிடையாது, மூச்சு வாங்கலை, நேத்துகூட மாடிப்படி ஏறினேன். எனக்கா ஹார்ட் கோளாறு?''

அவர் சொல்வது பொய்யில்லை. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிற இந்தக் கோளாறு பலருக்கு ஒரு தொல்லையும் தராது. வேறு எதற்கோ ஆஸ்பத்திரியில் படுக்கும்போதுதான் மானிட்டரில் மாட்டிக்கொள்ளும்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அதனால் கீழறைகளும் தாறுமாறாகத் துடிக்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. நடுக்கத்தில் ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளை ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம்தான். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-ல் சொன்னது. அறிகுறி இல்லை என்பதற்காக ரத்தம் உறையாமல் இருந்துவிடாது!

(நடுவில் எப்போதாவது ஒரு துடிப்பு கூடுதலாக வருவது வேறு சமாச்சாரம். பெரும்பாலும் பயமில்லை.)

நிமோனியா, பெரிய ஆபரேஷன், பொட்டாசியம் குறைவு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இவையும் இதைத் தூண்டிவிடலாம். உடம்பு தேறியதும் துடிப்பு தானாகவே சீராகும். 'சரியாப் போச்சு' என்று நாமும் மறந்துவிடுவோம். தப்பு அங்கேதான். பிறகு சத்தமில்லாமல் திரும்பி வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ''மறுபடி எப்போ ஈ.சி.ஜி. எடுக்கணும் டாக்டர்?'' என்று கேளுங்கள். அந்த ஈ.சி.ஜி. தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

வயது 65-ஐத் தாண்டியதா, ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா, முன்பு பக்கவாதம் வந்ததா என்றெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார்கள். 'ஆஸ்பிரின் போதாதா?' என்பார்கள் சிலர். போதாது. புதிய மாத்திரைகள் பல வந்துவிட்டன. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் பழைய வார்ஃபரின்தான். அதைச் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கவேண்டும். கீரையை அடியோடு நிறுத்தவேண்டாம், ஒரு வாரம் குவித்து மறுவாரம் விடாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

பல் பிடுங்கப் போனால்கூட இந்த மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.