எண்ணெய் கலந்த கடல்நீரும் வேதியியலும்

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கரிய எரியெண்ணெய் அலைகளோடு கரைக்கு வந்து பாறைகளில் கெட்டியாகப் படிந்தது. கடலோரக் காவல் படையினரும் தொண்டர்களும் அதை வாளி வாளியாக அள்ளினர். மீனவர் பிழைப்பு முடங்கியது. "இத்தனை வளர்ந்த வேதியியலில் இதற்கு வழியில்லையா?" என்ற வினா நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவ்வழியையும் அதன் எல்லையையும் இங்குக் காண்போம்.

கடல்நீரில் எண்ணெய் மூன்று நிலைகளில் இருக்கும். மேலே மிதப்பதை மிதவை வேலி கட்டி வழித்தெடுக்கலாம். நுண்துளிகளாகக் கலந்திருப்பதைத் தொட்டியில் தேக்கி, காற்றுக் குமிழ்களைச் செலுத்தி மேலே கொணரலாம். ஆனால் பென்சீன், டொலுவீன், நாப்தலீன் போன்றவை ஓரளவு நீரில் கரைந்தே விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்நஞ்சை நீக்கவே உயர்நிலை ஆக்ஸிஜனேற்ற முறைகள் பயன்படுகின்றன.

இம்முறைகளின் உயிர்நாடி ஹைட்ராக்ஸில் தனி உறுப்பு ஆகும். ஓசோனின் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தம் 2.07 வோல்ட், இதற்கோ ஏறத்தாழ 2.8 வோல்ட். ஆகவே இது எண்ணெய் மூலக்கூறுகளைத் தாக்கிப் படிப்படியாகச் சிதைக்கிறது. வினை முழுமையடைந்தால் எஞ்சுவன கார்பன் டை ஆக்ஸைடும் நீருமே. இதன் ஆயுள் மிகமிகக் குறுகியதாதலால், புட்டியில் அடைத்து வைக்க இயலாது. தேவைப்படும் நீரிலேயே உண்டாக்க வேண்டும்.

அதற்கு வழிகள் பல உள்ளன. இரும்பு உப்புடன் ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சேர்க்கும் முறைக்கு, 1894-இல் அவ்வினையை வெளியிட்ட ஃபென்டனின் பெயரே வழங்குகிறது. பெராக்ஸைடின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்துவது மற்றொன்று. டைட்டானியம் டை ஆக்ஸைடை ஒளிவினையூக்கியாகக் கொள்வது மூன்றாவது. அதன் மின்வாயில் ஒளி பட்டால் நீர் பகுக்கப்படுவதை ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் அறிவித்தனர்.

அப்படியானால் இவற்றைக் கடலிலேயே கொட்டிவிடலாமே எனத் தோன்றும். அங்கேதான் இடர்ப்பாடு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு உள்ளது. பத்துப் பேருக்குச் சமைத்த உணவிற்கு ஆயிரம் பேர் பந்தியில் அமர்ந்தாற்போல், எண்ணெயைத் தாக்க வேண்டிய தனி உறுப்புகளைக் குளோரைடும் புரோமைடும் பற்றிக்கொள்கின்றன. குளோரின் ஏறிய தீய சேர்மங்களும் தோன்றலாம். ஓசோனோ புரோமைடைப் புரோமேட்டாக மாற்றக்கூடும். மேலும், ஃபென்டன் முறை நன்கு நடைபெற பி.எச். 3 அளவில் அமிலத்தன்மை வேண்டும், கடல்நீரின் பி.எச். மதிப்போ சுமார் 8. வினை பாதியில் நின்றால், இடைநிலைப் பொருள்கள் மூலப்பொருளைவிடக் கொடியனவாகவும் இருக்கலாம். எனவே நீர் தெளிந்தது கண்டு மகிழ்ந்துவிடாமல், அதன் நச்சுத்தன்மையையும் சோதித்தல் வேண்டும்.

ஆகவே இம்முறைகளுக்கு ஏற்ற இடம் திறந்த கடலன்று. சேகரித்த நீரை நிறுத்திவைக்கும் தொட்டியே. அங்கும் வழித்தல், தேக்குதல் ஆகியவற்றிற்குப் பின் இறுதிப் படியாகவே இவை அமைய வேண்டும். கப்பலின் அடித்தட்டில் சேரும் கழிவுநீரை வெளியேற்றும்போது, பத்து லட்சம் பங்கில் எண்ணெய் 15 பங்கிற்கு மேற்படக் கூடாது என்பது பன்னாட்டு விதி.

அவசர மருந்தே நஞ்சானதற்கும் சான்று உண்டு. 1967-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது, எண்ணெயைக் கரைக்கத் தெளித்த அழுக்கு நீக்கிகள், கரையோர உயிர்களுக்கு எண்ணெயைவிட மிகுந்த கேடு விளைவித்தன.

தோழியரே! கறை படிந்தபின் கழுவுவதினும் படியாமற் காப்பதே அறிவுடைமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த சுற்றுமடலில், இப்பூமியை நம் பொது இல்லம் என்றழைத்தார். இல்லத்தைப் பேணும் பொறுப்பு உடையோர், கடலும் அவ்வில்லத்தின் ஓர் அறை என்பதை மறவாதிருப்போமாக!