மணிக்கூட்டைப் பார்க்காதே தங்கச்சி, பெட்டியைப் பார்

நீ அனுப்பின நாலு படத்தையும் பார்த்தேன். நாலும் வடிவான மணிக்கூடுகள்தான். ஒன்றில் மேகம் ஆடுது, இன்னொன்று கலர் கலராக மின்னுது. ஆனால் நாலு படத்திலும் ஒரு சாமானைக் காணவில்லை: வெளிக் குளிரை அளக்க வெளியில் மாட்டுகிற சின்னப் பெட்டி, அதுதான் சென்சர். மணிக்கூடு அது சொல்கிறதைத் திருப்பிச் சொல்கிற வாய் மட்டும்தான். பெட்டி பிழையென்றால் சுவரில் இருக்கிற வடிவு முழுக்கப் பொய்.

ரொறன்ரோவுக்கு வந்த முதல் தை மாசம், யன்னலால் வெயிலைப் பார்த்துவிட்டு மெல்லிய ஜாக்கெட்டோடு பஸ்ஸுக்குப் போனவள் நான். இங்கே பளிச்சென்று வெயில் எறிக்கிற நாள்தான் பல நேரம் கடும் குளிர் நாள் என்று ஆரும் சொல்லித் தரவில்லை. "ஃபோனில பாக்கலாம்தானே அக்கா" என்று கேட்பாய். ஃபோன் உன் வாசலை எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் எங்கேயோ உள்ள வானிலை நிலையத்தின் கணக்கைத்தான் சொல்லும். பியர்சன் விமான நிலையத்தில் ஒரு குளிர், ஏரிக்கரையில் இன்னொரு குளிர்.

கடையில் மட்டைப்பெட்டியைத் திருப்பி, சென்சர் எத்தனை பாகை வரை தாங்கும் என்று முதலில் வாசி. −20 என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வா. −40 வரை போகிறதை எடு. கையோடு லித்தியம் பற்றரியும் வாங்கு. சாதாரண அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது தண்ணீர் சேர்ந்த கரைசல். −18 அளவிலேயே அது சோர்ந்துவிடும். எந்தக் காலையில் உனக்குக் கணக்கு வேணுமோ, சரியாக அந்தக் காலையில் திரையில் இரண்டு கோடு மட்டும் நிற்கும். 1.5 வோல்ட் லித்தியம் −40 வரைக்கும் உழைக்கும். சார்ஜ் பண்ணுகிற பற்றரியை வெளிப்பெட்டிக்குப் போடாதே, அது பெரும்பாலும் 1.2 வோல்ட்தான்.

சென்சரின் சிக்னல் எட்டுகிற தூரம் 60 மீற்றர், 100 மீற்றர் என்று எழுதியிருக்கும். அது வெறும் வெளியில் அளந்தது. செங்கல் சுவர், கொண்டோவின் கொங்கிரீற், வெப்பம் போகாமல் மெல்லிய உலோகம் பூசின யன்னல் கண்ணாடி எல்லாம் சிக்னலைத் தின்னும். எழுதின தூரத்தில் பாதியை நம்பு, அதுவும் பயந்து பயந்து.

இனி மாட்டுகிற இடம். ஆட்கள் கோட்டை விடுகிறது இங்கேதான், நானும் விட்டவள். முதல் வாங்கின சென்சரைப் பின்சுவரில் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினேன். கிழமை நாட்களில் ஒழுங்காக −5, −8 என்று காட்டும். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் வெளியில் 14 பாகை! மூன்றாம் சனிக்கிழமைதான் விளங்கினது: உடுப்புக் காயவைக்கிற மிசினின் சூட்டுக்காற்று வெளியேறுகிற துவாரத்துக்கு நேர்மேலே மாட்டியிருக்கிறேன். நான் உடுப்புத் தோய்க்கிற நாளில் என் சுவருக்கு மட்டும் வசந்தம்.

அதனால் வடக்குப் பக்கச் சுவரைத் தேடு, இல்லையென்றால் நாள் முழுக்க நிழல் விழுகிற இடம். கூரை விளிம்புக்குக் கீழே, நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரம் போதும். வெயில் நேரே பட்டால் பெட்டி தன் சூட்டைத்தான் சொல்லும், காற்றின் சூட்டை அல்ல. சுவரோடு ஒட்டி வைக்காதே, வீட்டுக்குள் இருக்கிற கணகணப்பு சுவரால் கசியும்.

காற்றை இது கணக்கில் எடுக்காது என்பதையும் தெரிந்துகொள். திரையில் −10 என்று இருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் முகத்துக்கு அது −20 மாதிரி. பிள்ளைக்குத் தொப்பி போடுகிறபோது மரக்கிளை ஆடுதா என்றும் பார்.

"அற்றொமிக்" என்று எழுதியிருக்கிறதைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். உள்ளே அணுவும் இல்லை, கதிரும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் கொலின்ஸில் இருந்து 60 கிலோஹேர்ட்ஸில் வருகிற நேரச் சிக்னலை வாங்கித் தன் நேரத்தைத் திருத்தும், அவ்வளவுதான். சிக்னல் இரவில்தான் நன்றாக எட்டும். மேற்குப் பக்க யன்னலடியில், ரீவியிலிருந்து தள்ளி வைத்தால் விடிய நேரம் சரியாகிவிடும். மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணித்தியாலம் மாற்றுகிற வேலையும் மிச்சம்.

ஆனால் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வாங்காதே. நான் அம்மாவுக்கு ஒன்று கொண்டுபோனேன். கொலராடோ சிக்னல் யாழ்ப்பாணத்துக்கு எங்கே எட்டுகிறது? நேர வலயத்துக்கான பட்டனை அமத்தினால் அமெரிக்காவின் நாலு வலயம்தான் வருது, எங்கடை ஐந்தரையைக் காணவில்லை. கையால் வைத்துக் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "வெளியில 33 எண்டு சொல்ல இதுக்கு மிசின் வேணுமே?" என்று கேட்டா.

வீட்டுக்குள் ஈரப்பதன் காட்டுகிறதாகப் பார்த்து எடு. குளிர்காலத்தில் 30 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. நாங்கள் புட்டு அவிக்கிற ஆட்கள். குசினியில் ஒரு காலையிலேயே 55, 60 என்று ஏறிவிடும். அந்த ஈரம் குளிர்ந்த யன்னலில் தண்ணியாக வடிந்து, மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். எண் ஏறினால் குசினி விசிறியைப் போடு. அந்த எண்ணே சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி வருமளவு ரெண்டு துளி தண்ணி விடு. மணிக்கூட்டையும் அதையும் காற்றுப் போகாத பையில் மூடி ஒரு நாள் வை. 75 காட்டவேணும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிக்கொள்.

இரவில் எவ்வளவுக்கு இறங்கினது என்று நினைவு வைக்கிற வசதி கட்டாயம் இருக்கட்டும். என் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுக்கிற நாளை அந்த எண்தான் சொல்லும்: புரட்டாதி கடைசியில் இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் சாடி உள்ளே.

நீ பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறாய், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். ரொறன்ரோ நகரச் சட்டப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்கவேணும். மணிக்கூட்டை வெளிச்சுவரிலோ ஹீற்றருக்குப் பக்கத்திலோ வைக்காமல் அறையின் நடுவில் ஒரு மேசையில் வைத்து, மூன்று நாலு நாள் காலையும் இரவும் படம் எடு. வீட்டுக்காரரோடு முதலில் பக்குவமாகக் கதை. கேட்காவிட்டால் 311க்கு அடி. "சரியான குளிர்" என்று சொல்வதைவிட "நேற்றிரவு 17" என்று சொல்வது வேலை செய்யும்.

திரை வெளிச்சம் எப்போதும் எரியவேணும் என்றால் சுவரில் செருகுகிற வயர் உள்ளதாக எடு. பற்றரியில் அஞ்சு செக்கனில் அணைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் சென்சரை உன் மணிக்கூடு பிடிக்கிறதும் உண்டு. அப்போது சனலை மாற்றிப் பார்.

கொண்டுவந்த உடனே வெளியில் மாட்டாதே. முதலில் சென்சருக்குப் பற்றரி போடு, பிறகு மணிக்கூட்டுக்கு. இரண்டையும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் ஓர் இரவு விடு. விடிய இரண்டும் ஒரே பாகையைக் காட்டவேணும், கூடினால் ஒரு பாகை வித்தியாசம். அதற்கு மேலே போனால் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. பில்லைக் குப்பையில் போட்டிருக்கமாட்டாய்தானே?