பிரேக்கில் காற்றெடுக்கும் கைப்பம்பு

நம் ஊராட்சி ஒன்றிய ஜீப் மலைச்சாலையில் இறங்குகையில், ஒருமுறை பிரேக் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து போயிற்று. ஓட்டுநர் கியரைக் குறைத்து, கைபிரேக்கையும் இழுத்து நிறுத்தியதால் பிழைத்தோம். குழாயில் காற்றுப் புகுந்திருந்ததே காரணம். பிரேக் ஆயில் அழுத்தத்திற்கு ஒடுங்குவதில்லை, காற்று ஒடுங்கும். ஆதலின் மிதித்த விசை சக்கரத்தை எட்டுவதில்லை.

இக்காற்றை எடுக்க முன்பு இருவர் வேண்டும். உறிஞ்சும் கைப்பம்பு இருப்பின் ஒருவரே போதும். பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குதல் வேண்டும். நிப்பிளில் முதலில் ஸ்பேனரையும் பின்னர்க் குழாயையும் பொருத்திப் பம்பை அடித்து, நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்துக. உறிஞ்சும் விசை தீருமுன் மூடிவிடுக. மேலேயுள்ள டப்பாவில் ஆயில் வற்றினாலோ, செய்த வேலை அத்தனையும் வீண்! சில வேளை நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்று நுழைந்து, குமிழி ஓயாது வரும். அதைக் கண்டு மயங்கிப் புட்டி புட்டியாக ஆயிலைச் செலவிடுவோர் உளர். பெடல் கெட்டிப்பட்டதா என்பதே உண்மையான சோதனை.

கருவியைப் பேணுவதில்தான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். மண்ணெண்ணெயில் கழுவினால் ரப்பர் வாஷர் ஊதிக் கெடும். அதன் மிச்சம் பிரேக்கினுள் சென்றால் அங்குள்ள ரப்பருக்கும் அதே கதி. ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்துக. வெடித்த குழாயை உடனே மாற்றுக. புட்டியில் சேர்ந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் கொதிப்பது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும்.